மீசைக் கம்பும் நான் போட்ட கட்டும்

பினாங்கில் இறங்கியதும் நான் முதலில் அசந்து நின்றது கடலைப் பார்த்து இல்லை, கவுனி அரிசியைப் பார்த்து. எங்கள் பக்கத்தில் கல்யாணம் காட்சி என்றால்தான் அந்தக் கறுப்பு அரிசி வேகும். தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் போட்டுக் கிளறி, இலைக்கு ஒரு கரண்டி வைப்போம். அங்கே ஒரு மலாய்க்காரி அதைத் தள்ளுவண்டியில் வைத்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்ணம் கிண்ணமாக விற்றுக்கொண்டிருந்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறார்கள். நானும் ஒரு கிண்ணம் வாங்கினேன். கஞ்சி மாதிரி இருந்தது, உப்பு ஒரு கல் கூடுதல். எங்கள் வீட்டுக் கவுனி அரிசி இதைவிட நயமாக இருக்கும் என்று அவளிடமே சொன்னேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மலேசியா என்று பேர் மாறி வருஷம் சில ஆகியிருந்தது. எங்களுக்கு அது மலேயாதான். எங்க வீட்டுச் செட்டியார் இளவயதில் மூன்று வருஷம் ஒரு தவணை என்று அங்கே போய் வட்டிக்கடையில் இருந்தவர். அந்தக் காலத்தில் பெண்டுகளைக் கூட்டிப்போகிற வழக்கம் கிடையாது. அவர் பினாங்கைப் பற்றிச் சொல்வார், நான் காரைக்குடியில் உட்கார்ந்து கேட்பேன். இப்போது அவருக்கு முழங்கால் வாதம். என் கால் நன்றாக இருக்கிறது. எங்கள் மகள் வள்ளியம்மை மாப்பிள்ளையோடு அங்கே குடித்தனம் இருக்கிறாள், அவளைப் பார்த்துவர நான் ஒருத்தியே கப்பல் ஏறினேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் ஏறினேன்.

போகும்போது ஒரு வேலையும் கூடச் சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் அப்பச்சி, எங்கள் சம்பந்தி, கோட்டையூரில் இருக்கிறார். சொல்லிக்கொள்ளப் போன இடத்தில் என்னை உட்காரவைத்துச் சொன்னார். மாப்பிள்ளை அங்கே ஒரு பாய்ப்படகு வாங்கி வைத்திருக்கிறாராம்.

“சம்பாதிக்கக் கடல் தாண்டுன வம்சம் ஆச்சி நம்மளது. இவன் என்னடான்னா ஞாயித்துக்கிழமையானா சும்மா கடல்ல சுத்திட்டு, போன கரைக்கே திரும்பி வாரான். நீங்க போயி அதை விக்க வச்சுட்டு வாங்க.”

வருஷா வருஷம் அங்கே ஒரு படகுப் பந்தயம். பொழுது சாய்வதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் வந்ததாகக் கணக்கு. மாப்பிள்ளை இரண்டு வருஷமும் பொழுது சாய்ந்துதான் வந்தாராம். இந்த வருஷமும் அப்படி ஆனால் தானே விற்றுவிடுவதாக அப்பச்சிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த வாக்கை நிறைவேற்றி வைப்பது என் பொறுப்பு என்றார் சம்பந்தி. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

துறைமுகத்திலிருந்து வீட்டுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா. நம் ஊரில் வண்டிக்காரர் முன்னால் மிதிப்பார், நாம் பின்னால் இருப்போம். அங்கே நம்மை முன்னால் உட்காரவைத்து அவர் பின்னால் இருந்து மிதிக்கிறார். எதிரே லாரி வந்தால் முதல் அடி நமக்கு. சீனக் கிழவர் ஒருவர் மிதித்தார். ஒரு திருப்பத்தில் வண்டி சாய்ந்து, நான் மடியில் வைத்திருந்த மணகோலப் பலகாரத் தகரம் உருண்டு சாலையில் ஓடியது. நாலு வண்டி நின்றது. கிழவரே இறங்கி ஓடிப் பொறுக்கிக்கொண்டு வந்தார். தகரம் நெளிந்ததே தவிர மூடி திறக்கவில்லை. நான் மூடின மூடி. வீட்டு வாசலில் கிழவருக்கு ஒரு கை மணகோலம் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். பல் இருந்த காலத்தில் வந்திருக்கக் கூடாதா என்கிறார் என்று வள்ளி சொன்னாள்.

மாப்பிள்ளைக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. பெயரை நான் சொல்ல மாட்டேன், இதுவரை சொன்னதும் இல்லை. எங்களில் மாமியார் மாப்பிள்ளையோடு நேர்ப்பேச்சு வைத்துக்கொள்வதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மகளிடம் சொல்வதுபோலச் சொன்னால் அவர் காதில் விழும். அவரும் அப்படியே பெண்டாட்டியிடம் சொல்வதுபோலப் பதில் சொல்வார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவரும் நானும் ஒரு வார்த்தை நேரில் பேசியது கிடையாது. மரியாதைக் குறைவு என்று ஒரு நாளும் வந்ததில்லை. பினாங்கு வீட்டில் சங்கடம் என்னவென்றால் உள்ளே கதவே இல்லை. அடுக்களைக்கும் முன் அறைக்கும் நடுவில் ஒரு பாசிமணித் திரை தொங்குகிறது. அதற்குப் பின்னால் நின்றுகொண்டு, “இன்னும் ரெண்டு இடியாப்பம் வச்சுக்கிறச் சொல்லு வள்ளி” என்பேன். “போதும்னு சொல்லு” என்பார். வள்ளி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் வாய் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

படகு விஷயத்தை நான் எடுக்கவில்லை. வந்தவுடன் எடுத்தால் அழகாக இருக்காது. ஆனால் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கோட்டையூரிலிருந்து முன்பே தகவல் வந்துவிட்டது, அவருக்குத் தெரியும் என்று வள்ளி சொன்னாள். தெரிந்தும் அவரிடமிருந்து எனக்கு நாள் தவறாமல் இளநீர் வந்துகொண்டிருந்தது.

பந்தயத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை, மாப்பிள்ளையும் வள்ளியும் படகைக் கழுவப் போனார்கள். நானும் போனேன். விற்கப்போகிற பொருளை ஒரு தடவை பார்த்து வைக்க வேண்டாமா? பெரிய கப்பல் மாதிரி நினைத்துப் போனால், எங்கள் வீட்டு வளவில், நடு முற்றத்தில், பாதிகூட வராது. வெள்ளைச் சாயம், ஒரு பாய்மரம், பின்னால் ஒரு பெரிய பாய், முன்னால் ஒரு சின்னப் பாய். அடியில் நாலு பேர் குனிந்து உட்காரலாம். ஆனால் துப்புரவு, அதைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை மண்டி போட்டுத் தேய்க்கிற தேய்ப்பைப் பார்த்தால், எங்கள் வீட்டில் தரை துடைக்கிறவளைக் கூட்டிவந்து காட்டலாம் போல இருந்தது.

அங்கே காசிம் இருந்தார். கீழக்கரைப் பக்கத்து ஆள், துறைமுகத்தில் சாமான் எண்ணுகிற குமாஸ்தா. மாப்பிள்ளையோடு படகில் போகிறவர். நம் பேச்சைக் கேட்டதும் எனக்கு ஊர் வந்தமாதிரி இருந்தது. அவர்தான் எனக்கும் வள்ளிக்கும் அந்தக் கம்பைக் காட்டினார். இரண்டு ஆள் நீளம், வழுவழுவென்று இழைத்த மரம், இரண்டு முனையிலும், சின்னக் கயிற்றை இழுத்தால் வாய் திறக்கிற பித்தளைக் கொக்கி. இங்கிலீஷில் அதற்கு “விஸ்கர் போல்” என்று பெயராம். காசிம் மீசைக் கம்பு என்றார்.

காற்று நேர் முதுகில் அடிக்கும்போது பெரிய பாய் ஒரு பக்கமாக விரிந்து முன் பாய்க்குக் காற்றை மறைத்துவிடுமாம். முன் பாய் ஈரத் துணி மாதிரித் துவண்டு தொங்கும். அப்போது இந்தக் கம்பின் ஒரு முனையைப் பாய்மரத்து வளையத்தில் மாட்டி, மறுமுனையை முன் பாயின் மூலையில் மாட்டி, எதிர்ப்பக்கமாக வெளியே தள்ளிவிட வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடித்தால் பாய் விரிந்து நிற்கும். அந்தப் பக்கம் ஒரு சிறகு, இந்தப் பக்கம் ஒரு சிறகு. போன இரண்டு வருஷமும் கம்பு போடும்போது கை தப்பித் தப்பித்தான் பொழுது போய்விட்டதாம்.

“கடைக்குத் தட்டியத் தூக்கிக் கம்பு குடுப்பீகள்ல ஆச்சி, அதேதான். ஆனா இந்தத் தட்டி சும்மா நிக்காது, பறக்கும்” என்றார் காசிம்.

வேலை இல்லாத நேரத்தில் கம்பு படகின் மேல்தட்டில், இரண்டு மரக் கட்டைகளுக்கு நடுவில் படுத்துக் கிடக்கும். காசிம் அதை ஒரு நூல் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு சுருக்குப் போட்டு, வாலைத் தொங்கவிட்டார். ஒரே இழுப்பில் அவிழ வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டேன்.

அவர்கள் மூவரும் தண்ணீர் எடுக்கக் கரைக்குப் போனார்கள். நான் சும்மா இருக்கவில்லை. கையோடு கொஞ்சம் புளி கொண்டுபோயிருந்தேன். கறுத்துக் கிடந்த பித்தளைக் கொக்கி இரண்டையும் புளி போட்டு விளக்கினேன். தங்கம் மாதிரி ஆனது. பிறகு அந்தக் கட்டைப் பார்த்தேன். வால் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஆள் நீளக் கம்பு, கீழே கடல், அதை ஒரு சுருக்கை நம்பி விடுவதா? எங்கள் வீட்டிலிருந்து மகளுக்குச் சீர் போனால் வெண்கலமும் பீங்கானும் வண்டி வண்டியாகப் போகும், வழியில் ஒரு கிண்ணி அசைந்தது என்று பேர் வந்தது கிடையாது. கப்பலுக்குச் சாமான் கட்டுகிற கட்டு, செட்டியார் எனக்குச் சொல்லித் தந்தது. கயிற்றை நனைத்து, மூன்று சுற்று இழுத்து, முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டு, வாலை உள்ளே சொருகிவிட வேண்டும். அப்படியே கட்டினேன். உதைத்தாலும் அசையாது.

மறுநாள் காலையில் படகுத்துறையில் காசிம் இல்லை. ஒரு கப்பல் முன்கூட்டி வந்துவிட்டது, வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், வர முடியாது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. மூன்று பேர் இல்லாமல் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள். இருப்பது மாப்பிள்ளையும் வள்ளியும். மற்றப் படகுகளில் பாய் ஏற ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை கடலைப் பார்த்து நின்றார். என்னை ஒரு பேச்சுக் கேட்கவில்லை, கேட்கச் சொல்லி வள்ளியையும் அனுப்பவில்லை.

நான் யோசித்தேன். படகை விற்க வைக்கத்தான் வந்தேன். ஆனால் ஆள் குறைந்து கரையிலேயே நின்று விற்றார் என்று கோட்டையூரில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. ஓடித் தோற்கட்டும், பிறகு விற்கட்டும்.

“மூணாவது ஆளுக்குத் தலை எண்ணிக்கைதானே வள்ளி? என் தலைய எண்ணிக்கிறச் சொல்லு” என்றேன்.

நான் உடுத்துவது கண்டாங்கிச் சேலை. கணுக்காலுக்கு மேலேதான் நிற்கும். படகில் ஏற யாரும் கை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஏறியதும் மாப்பிள்ளை கம்புப் பக்கம் குனிந்தார். கட்டைப் பார்த்தார், தொட்டும் பார்த்தார். நிமிர்ந்து ஒன்றும் சொல்லாமல் சுக்கானுக்குப் போய்விட்டார். நம் கட்டு அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

துப்பாக்கி வெடித்தது, கிளம்பினோம். போகிற வழி காற்றுக்கு எதிரே. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டேதான் போகிறது. சாய்ந்த பக்கம் தண்ணீர் மேல்தட்டில் ஏறி ஓடுகிறது. என்னை மேட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். முகத்தில் உப்புத் தண்ணீர் வந்து அடித்தது. வள்ளி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. எங்கள் ஊரில் கடல் கிடையாது, ஊருணிதான். ஆனாலும் வயிறு அவரவர் வளர்ப்பு. நடுவில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். மாப்பிள்ளை ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாப்பிட்டார். “நல்லாருக்குன்னு சொல்லு” என்றார். வள்ளி சொல்கிற நிலையில் இல்லை.

தூரத்தில் ஒரு சிவப்பு மிதவை. அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். நாங்கள் சுற்றும்போது எங்களுக்குப் பின்னால் ஒரு படகுதான் இருந்தது, ஆனால் வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. திரும்பியதும் காற்று முதுகுக்கு வந்துவிட்டது. சத்தம் எல்லாம் அடங்கிப்போனது. முன்னால் போன படகுகள் ஒவ்வொன்றாகக் கம்பு போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் மீசை முறுக்கியதுபோலப் போக ஆரம்பித்தன. எங்கள் முன் பாய் துவண்டு தொங்கியது.

வள்ளி கம்பை எடுக்கப் போனாள். இழுத்தாள், நகத்தை வைத்துப் பார்த்தாள். நூல் கயிறு காலையிலிருந்து கடல் தண்ணீர் குடித்து, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. கத்தி காசிம் இடுப்பில் இருக்கும். காசிம் துறைமுகத்தில் இருக்கிறார். பின்னால் இருந்த படகும் எங்களைத் தாண்டிப் போனது.

“இந்தக் கட்டைக் காலையிலயே பாத்தீகளா?” என்று புருஷனைக் கேட்டாள்.

“பாத்தேன்.”

“பாத்துட்டுமா சொல்லாம வந்தீக?”

“அயித்தை கட்டுனதைத் தப்புன்னு எப்பிடிச் சொல்றது? விடு வள்ளி. இப்பிடியே போவோம்.”

அதைக் கேட்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இப்படியே போனால் பொழுது சாய்ந்துதான் கரை. படகு விற்றுப்போகும். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே வந்த வேலை முடிந்தது. அவருக்கும் அது தெரியும். அவர் அப்பச்சி சொல்லி அனுப்பிய வேலையை நான் கயிற்றில் செய்துவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படி நினைத்தும், மாமியார் கட்டிய கட்டு என்று கை வைக்காமல் வந்திருக்கிறார். இதைவிட ஒரு பிள்ளை என்ன மரியாதை செய்ய முடியும்? அதற்கு நான் செய்கிற மரியாதை இதுவா? ஜெயிப்பதும் தோற்பதும் அவர் கையில் இருக்கட்டும். என் முடிச்சில் இருக்கக் கூடாது.

எழுந்தேன். நடக்க முடியாது, நாலு காலில்தான் போனேன். முடிச்சைத் தடவிப் பார்த்தேன். நான் போட்டது, எந்தச் சுற்றுக்கு அடியில் எந்தச் சுற்று என்று விரலுக்குத் தெரியும். ஆனால் விரல் நுழைய இடம் இல்லை. கொண்டை ஊசியை உருவினேன். முடி அவிழ்ந்து காற்றில் பறந்தது. மாப்பிள்ளை முன்னால் அவிழ்ந்த தலையோடு நின்றவள் எங்கள் வகையில் யாரும் இருக்க மாட்டார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். ஊசியை உள்ளே குத்தி நெம்பினேன். ஊசி வளைந்தது. நிமிர்த்திக்கொண்டு மறுபடி குத்தினேன். ஒரு சுற்று இளகியது, பிறகு எல்லாம் வந்துவிட்டது.

வள்ளி கம்பின் ஒரு முனையைப் பாய் மூலையில் மாட்டினாள். நான் நடுவில் தாங்கிப் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே தள்ளி, மறுமுனையைப் பாய்மரத்து வளையத்துக்குக் கொண்டுவந்தோம். புளி போட்ட கொக்கி இழுத்ததும் வாயைத் திறந்தது. இனி பின்னாலிருந்து அவர் கயிற்றை இழுக்க வேண்டும். ஆனால் முன்னால் நடப்பது எதுவும் பெரிய பாய் மறைத்து அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய வள்ளி இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு, அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

வேறு வழி இல்லை.

“மாப்பிள்ளை, இழுங்க” என்றேன்.

பாய்க்கு அந்தப் பக்கம் கயிறு இறுகியது. பிறகு குரல் வந்தது.

“இழுக்கேன் அயித்தை. போதுமா?”

“இன்னும்.”

“இப்ப?”

“இன்னும் கொஞ்சம். ம், நிறுத்துங்க. விட்டுறாதீக.”

“விடல அயித்தை.”

பாய் ஒரு தடவை உதறி, படாரென்று விரிந்து நின்றது. படகு முன்னால் பாய்ந்ததில் நான் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு சிறகு, இந்தப் பக்கம் ஒரு சிறகு, நடுவில் தலைவிரி கோலமாக நான். திரும்பிப் போய் உட்காரவில்லை. கம்புக்குப் பக்கத்திலேயே கரை வரைக்கும் இருந்தேன். பாய் மூலை துடித்தால் நான் சொல்வேன், அவர் இழுப்பார். எங்களைக் கடைசியாகத் தாண்டிப் போன படகைப் பிடித்தோம், பிறகு இன்னும் மூன்று நாலு படகை. முதலாவது வரவில்லை, நடுவில் எங்கேயோ வந்தோம். எல்லைக்கோட்டில் துப்பாக்கி வெடித்தபோது பொழுது கடலுக்கு ஒரு முழம் மேலே நின்றது. நான் கையை நீட்டி அளந்து பார்த்தேன்.

மாப்பிள்ளை துள்ளவில்லை, கத்தவில்லை. பாயை இறக்கிவிட்டுக் கம்பைக் கழற்றிக் கட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்தார். கயிற்றைக் கையில் எடுத்தார். பிறகு அதை என் பக்கமாக வைத்துவிட்டு நகர்ந்துபோனார். நான் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு சுருக்குப் போட்டு, வாலைத் தொங்கவிட்டேன்.

படகுத்துறையில் ஒரு சீன அம்மாள், பட்டுச் சட்டைக்காரி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து வள்ளியிடம் ஏதோ கேட்டாள். உங்கள் தாயார் பாய்ப்படகு எங்கே பழகினார்கள் என்று கேட்கிறாள் என்றாள் வள்ளி. காரைக்குடியில் என்று சொல்லச் சொன்னேன். காரைக்குடியில் கடல் நன்றாக இருக்குமா என்று அடுத்த கேள்வி. வள்ளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அலை கொஞ்சம் குறைச்சல் என்று சொல்லிவை என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் தலையை முடிந்துகொண்டு பாசிமணித் திரைக்குப் பின்னால் போய்விட்டேன். “ஆத்தாளைச் சாப்பிடச் சொல்லு” என்றார் அவர். “அவுக மொதல்ல சாப்பிடட்டும்” என்றேன் நான். கடலில் பேசியது கடலோடு. அங்கே இருந்த மிச்ச நாளும் அப்படியேதான் இருந்தோம். ஒரு புது வழக்கம் மட்டும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், “ஆத்தா வாராகளான்னு கேளு” என்று திரைக்கு அந்தப் பக்கம் குரல் வரும். வளைந்த கொண்டை ஊசியை நான் மாற்றவில்லை. இன்றைக்கும் அதுதான் தலையில் இருக்கிறது.

ஊர் திரும்பி, கோட்டையூருக்குப் போனேன். சம்பந்தி வளவில் உட்கார்ந்திருந்தார்.

“வித்தாச்சா ஆச்சி?”

“விக்கலை. பொழுது இருக்கவே வந்துட்டாக. நானும் அந்தப் படகுலதான் வந்தேன்.”

அவருக்கு முகம் மாறியது. நான் நிறுத்தவில்லை. கட்டு போட்டதையும், மாப்பிள்ளை பார்த்தும் சொல்லாமல் வந்ததையும், ஊசியையும், கம்பையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் மகனை நான் பேர்போல மாப்பிள்ளை என்று கூப்பிட்டதையும் சொன்னேன். போகச் சொன்ன வேலை ஒன்று, செய்துவந்த வேலை ஒன்று என்றார். மாமியாளும் மகளும் சேர்ந்து அவனைக் கெடுத்தாச்சு என்றார். சொல்லட்டும். உங்கள் பிள்ளையை நீங்கள் வளர்த்த வளர்ப்பைத்தான் நான் அங்கே பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வாசல் நடை வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஆச்சி, அந்தக் கம்பு எம்புட்டு நீளம் இருக்கும்?”

திரும்பிப் பார்த்தேன். அவர் வீட்டு வளவில் தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கும்.

“இந்தத் தூணு உசரம் இருக்கும். ஒரு முழம் கொறையலாம்” என்றேன்.

சம்பந்தி எழுந்து வந்தார். தூணில் கையை வைத்துக்கொண்டு, அண்ணாந்து, அது போய் முட்டுகிற இடம் வரைக்கும் பார்த்தார். பிறகு விற்கிற பேச்சை எடுக்காமல் அந்தப் பக்கமாகச் சுற்றிப்போய், அங்கிருந்தும் ஒரு தடவை பார்த்தார்.